சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்

எங்கள் ஆபீஸில் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கட்டிடத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, யாரோ எழுதிய மென்பொருளில் பிழை தேடுகிற வேலை எனக்கு. ஆனால் பெயர் வாங்கியது அந்த வேலையில் இல்லை. வருடம் தவறாமல் சபரிமலைக்குப் போகிறவன், நாற்பத்தொரு நாள் விரதத்தில் இம்மி பிசகாதவன் என்று பெயர். கார்த்திகை பிறந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் என் கையால் மாலை போட்டுக்கொண்டு காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நானும் காலை இழுத்துக்கொள்ளாமல் நிற்பேன்.

அந்த மாலைக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. எதற்கு ஒளிந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு விந்து முந்துதல். கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. சில நாள் தொடங்குவதற்குள்ளேயே முடிந்துவிடும். இதை எழுத இப்போதும் கை கூசத்தான் செய்கிறது. கூசிக் கூசியே பதினோரு வருடம் போயிற்று. இனிமேலும் கூசுவதற்குத் தெம்பில்லை.

என் மனைவி வள்ளியூரில் பிறந்து நாகர்கோவிலில் வளர்ந்தவள். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆரம்ப நாட்களில் அவள், "பரவாயில்ல, விடுங்க" என்று சொல்வாள். அன்போடுதான் சொன்னாள். எனக்கோ அந்தப் 'பரவாயில்ல' வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது மாதிரி இருக்கும். பதில் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வாடகை வீடு. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு பொரிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதுகுக்குப் பின்னால் அவள் விழித்துக் கிடப்பது தெரியும். திரும்ப மாட்டேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தம்பானூர் பக்கம் ஒரு லாட்ஜில் மாதம் ஒருமுறை ஒரு வைத்தியர் வந்து தங்குவார். மூத்திரச் சந்துச் சுவரெல்லாம் அவருடைய நோட்டீஸ்தான். போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்திருக்கு, நரம்பு தளர்ந்துபோச்சு" என்று சாபம் கொடுக்கிற முனிவர் மாதிரி சொன்னார். ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். மூன்று நாள் பேதியானதுதான் மிச்சம். அதைவிட, அவர் சொன்னதை நம்பினேனே, அந்த நம்பிக்கை வயிற்றைவிட்டுப் போகவே இல்லை. செய்த பாவத்தின் சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். பாவத்துக்கு டாக்டரிடம் போய் என்ன பிரயோசனம்?

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருடம் மலைக்குப் போயிருந்தேன். அதெல்லாம் நிஜமான பக்திதான். சிநேகிதர்களோடு சரணம் விளித்துக்கொண்டு நடக்கிற சந்தோஷமும்தான். கல்யாணமான வருடமும் வழக்கம்போல் மாலை போட்டேன். விரதம் என்றால் புலால் இல்லை, சவரம் இல்லை, செருப்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. முதல் நாள் தரையில் பாய் விரித்துப் படுத்தபோதுதான் கண்டுபிடித்தேன், கல்யாணமான பிறகு அன்றுதான் பயமில்லாமல் தூங்கப்போகிறேன் என்று. இன்றைக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு நெஞ்சில் இல்லை. அப்படித் தூங்கினேன்.

பிறகு அந்தத் தூக்கத்துக்கு அடிமையாகிவிட்டேன். மண்டல பூஜைக்குப் போய்விட்டு வந்தவன் மாலையைக் கழற்றாமல் மகர விளக்கு வரைக்கும் நீட்டினேன். மலையாள மாதப் பிறப்புக்கு நடை திறக்கும்போதெல்லாம் போக ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் விரதம். விஷுவுக்கு ஒரு தடவை. வருடத்தில் பாதி நாள் கழுத்தில் மாலை கிடந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வரத்துக்காக விரதம் இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். இப்படி விரதம் இருந்தால் பிள்ளை எங்கிருந்து வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விரதம் நான் இருந்தேன், பாடு அவள் பட்டாள். காலை நாலு மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்புப் பற்ற வைப்பாள். எனக்கென்று தனிப் பாத்திரம். தீட்டு நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாதென்று பை எடுத்துக்கொண்டு கரமனையில் அவளுடைய அத்தை வீட்டுக்குப் போவாள். அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப அத்தை வீடு. மழையில் குடையும் பையும் திருத்தாத பரீட்சைத் தாளுமாக அவள் பஸ்ஸுக்கு நிற்பதை ஒரு தடவை ஆட்டோவிலிருந்து பார்த்தேன். மாலை போட்டவன் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பதினெட்டாவது வருடம் வந்தது. பதினெட்டாம் மலைக்குப் போகிறவன் தென்னங்கன்று சுமந்து போய் அங்கே நட வேண்டும், அத்தோடு அவன் முழு குருசாமி. ஆபீஸில் ஒரே கொண்டாட்டம். கன்றைக்கூட நானே வாங்கிவந்து கொல்லையில் பிளாஸ்டிக் கவரோடு வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஓணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடிப்பதை நிறுத்தாமல், "இந்த வருஷம் நீங்க மாலை போட்டா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்" என்றாள்.

"சாமி காரியத்துல விளையாடாத" என்றேன்.

"நானா விளையாடுதேன்?" நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என்னையக் கண்டா உங்களுக்கு அருவருப்பா இருக்கா? அப்படின்னா சொல்லிருங்க. எங்கிட்ட நாத்தம் கீத்தம் அடிக்கா? மொதல்ல பல்லு டாக்டர்ட்ட போனேன். அப்புறம் சோறே சாப்பிடாம கெடந்து எளைச்சேன். இனி என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

பதினோரு வருடமாகக் குறை தன்னிடம் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அரிசியை விட்டதும், தெருமுனைக்குப் போகக்கூட முகத்துக்கு எதையோ பூசிக்கொண்டு நின்றதும், எல்லாம் எனக்காகத்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததற்கு அவள் எழுதிக்கொண்ட விடை அது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். பிறகு என்ன என்று அவள் கண் கேட்டது. எழுந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கோழை என்று என்னைத் திட்டினால் தகும்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. குணமாகிவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கென்று பார்க்கிற டாக்டர் இருப்பதை மொபைலில் தேடிப் பிடித்து, அரை நாள் லீவு போட்டுப் போனேன். முகக் கவசம் போட்டுக்கொண்டேன். வரிசையில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில், "சாமி சரணம்" என்று ஒரு குரல். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிற பையன்தான். பையன் என்றாலும் முப்பது வயது. தென்காசிக்காரன், கல்யாணமாகி எட்டு மாதம். இந்த வருடம் கன்னிச்சாமியாக என் கையால் முதல்மாலை போடப்போகிறவன். முகக் கவசத்தையும் மீறிக் கண்டுகொண்டுவிட்டான்.

"சாமி எங்க இங்க?"

"கிட்னில கல்லு" என்றேன்.

"எனக்கும் கல்லுதான் சாமி" என்றான்.

அதற்குமேல் இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சத்தம் வரவில்லை.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, மலையாளி. பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். அவருக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது. தமிழன் என்று தெரிந்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். எத்தனை வருடம், எவ்வளவு நேரம், எப்போதுமா சில சமயமா என்று மளமளவென்று கேட்டு எழுதிக்கொண்டார். சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். லாட்ஜ் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அது சும்மா பறையறதாணு. கைப்பழக்கம், நரம்பு, பாவம், ஒண்ணும் இல்ல. சிலருக்கு ஆத்யம் முதலே சரீரம் இங்ஙனெயாணு. சிலருக்குப் பின்னால வரும். நிங்ஙளுக்கு ஆத்யம் முதலே உண்டு. அதோட மேல பேடி, பயம். பேடிச்சா இன்னும் வேகம் ஆகும், வேகம் ஆனா இன்னும் பேடி. மனசிலாயோ?"

மனசிலாயிற்று. எத்தனை ஆண்களுக்கு இருக்கிறது தெரியுமா, இந்த வராந்தாவில் தினமும் எத்தனை பேர் கிட்னிக் கல் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா என்று சிரித்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைச் சிறிய அளவில் எழுதினார். அது வேகத்தைக் குறைக்கும், முதலில் கொஞ்சம் தூக்கமும் குமட்டலும் வரும், தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார். மரத்துப்போகச் செய்கிற களிம்பும் உண்டு, அது வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி. அப்புறம் முக்கியமானது, உச்சத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் நிறுத்துவது, அடங்கியதும் திரும்பத் தொடங்குவது. முதலில் தனியாக, பிறகு மனைவியோடு.

"வைஃபு எவிடே?" என்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியாது."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "ரெண்டு பேரு சேர்ந்து செய்யற காரியத்துக்கு ஒராளு மாத்ரம் வந்நா எங்ஙனெ? ஆத்யத்தெ மருந்து இதாணு. வீட்டில போய் பறயணும். அது கழிஞ்ஞிட்டு, அப்புறம்தான் மாத்திரை."

நான் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். காப்பித் தூள் வாங்கப் போனவன் பாலை மறந்த கதை. டிபன் பையின் அடியில் மறைத்து வைத்து விழுங்கினேன். மூன்று வாரம் தலை கிறுகிறுத்தது. அவளோ என் பக்கம் வருவதையே விட்டிருந்தாள். அடுக்கிய துணிகளில் தன்னுடையதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகைக்குப் பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் தென்காசிக்காரன் கேன்டீன் படிக்கட்டில் என்னைப் பிடித்தான். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"சாமி, ஒரு சந்தேகம். மண்டலம் முடிஞ்சதும் மாலையைக் கழட்டாம மகர விளக்கு வரைக்கும் போகலாம்லா? அப்புறம் மாசா மாசமும் போலாம்லா? சாமி அப்படித்தானே போறிய?"

"கன்னிச்சாமிக்கு எதுக்குடே அவ்வளவு?"

டம்ளரைப் படியில் வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மாலை கெடந்தா வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்லா சாமி" என்றான்.

நான் பதினோரு வருடம் ஒளிந்திருந்த பொந்துக்கு இவன் வழி கேட்கிறான். அதுவும் என்னிடமே, காலைத் தொட்டுக் கும்பிட்டு. இவனுடைய மனைவி இன்னும் எத்தனை வருடத்தில் பல் டாக்டரிடம் போவாள் என்று மனசு கணக்குப் போட்டது. அவனிடம் கோபம் வரவில்லை. வெறும் அலுப்பு, மலை ஏறி இறங்கிய கால் மாதிரி ஒரு அலுப்பு.

"எனக்குக் கல்லு இல்லடே" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"உனக்கும் இல்ல. உனக்கு நான் மாலை போட மாட்டேன். நானும் இந்த வருஷம் போடல. வீட்டுக்குப் போய்ச் சொல்லு. சொல்லிட்டு அந்தப் பிள்ளையையும் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

"சாமி சொல்லிட்டியளா?"

நல்ல கேள்வி. ஊருக்குத்தான் உபதேசம். பெண்டாட்டியிடம் பதினோரு வருடம் சொல்லாததை ஒரு கேன்டீன் படிக்கட்டில் இவனிடம் சொல்லியாயிற்று. "இன்னைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் ஐப்பசியின் துலாமழை கட்டிக்கொண்டு நின்றது. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஏறிப்போய் மறுமுனையிலிருந்து கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தேன். நடுவில் ஒரு போர்வை தொங்கியது. அவள் முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வியாதியின் பெயரை, லேகியத்தை, மாத்திரையை. மாலை எதற்குப் போட்டேன் என்பதையும். குறை அவளிடம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும்.

அவள் போர்வையை உருவினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, கொதித்தாள்.

"சீக்கிரம் முடிஞ்சுருதுன்னு எனக்குத் தெரியாதா? கட்டில்ல நானும்தான கெடந்தேன்! அதுக்கா நான் வருத்தப்பட்டேன்? ஒரு நிமிஷமோ ஒம்பது நிமிஷமோ, அதையா நான் உங்ககிட்ட கேட்டேன்? நீங்க சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தியள்லா, அதுதான் எனக்கு. ஒரு வார்த்த பேசாம. செத்த பொணத்துக்குப் பக்கத்துல படுத்த மாதிரி." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாலு மணிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உங்களுக்கு இட்லி அவிச்சேனே, சாமிக்குன்னு நெனச்சுல்லா அவிச்சேன். தீட்டு தீட்டுன்னு பையத் தூக்கிட்டு அலைஞ்சேனே. அதை எப்படி என்னால மன்னிக்க முடியும்?"

மழை விழ ஆரம்பித்தது. துணியை அப்படியே அள்ளிக்கொண்டு இறங்கினோம். படியில் வைத்து அவள் சொன்னாள்: "நீங்க பதினோரு வருஷம் எடுத்துக்கிட்டிய. எனக்கு நாப்பத்தொரு நாளு வேணும்."

கார்த்திகை ஒன்றாம் தேதி காலை அவள் நாகர்கோவிலுக்குப் போனாள். வேலையை விடவில்லை. தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வந்தாள், பள்ளிக்கூடம் முடிந்ததும் ரயிலேறிப் போனாள். ஊருக்கு வந்து வந்து போனாள், வீட்டுக்கு மட்டும் வரவில்லை. போன் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், செய்யவில்லை. நாலு மணிக்குப் பழக்கத்தில் முழிப்பு வரும், அடுப்படியில் விளக்கு எரியாது. நானே இட்லி அவித்தேன், கல்லாக இருந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆபீஸ் சாமிமார் வேறொரு குருசாமியைப் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கு என்ன குறை என்று கேட்டவர்களுக்கு, உடம்பு சரியில்லை என்றேன். முதல்முறையாக உண்மை. தென்காசிக்காரன் மாலை போடவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். அவள் வர மாட்டாளோ.

குணமாயிற்றா என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாத்திரையை டாக்டர் குறைத்து, நிறுத்தி, திரும்பக் கொஞ்ச நாள் கொடுத்தார். களிம்பு எங்களுக்குச் சரிப்படவில்லை. நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிற பயிற்சி முதலில் எங்கள் இருவருக்கும் சிரிப்பாக இருந்தது, பிறகு சலிப்பாக இருந்தது, பிறகு கை கொடுத்தது. முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். வேலை நெருக்கடி வந்தால் பழையபடி ஆகிவிடும். ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் நானும் லாட்ஜ் வைத்தியன்தான். தென்னங்கன்றைக் கொல்லையிலேயே நட்டுவிட்டேன், இடம் போதாமல் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதையெல்லாம்விட நான் சொல்ல நினைத்தது அந்த நாற்பத்திரண்டாம் நாளைத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறை. மதியம் இரண்டு மணி இருக்கும். கதவைத் திறந்தால் பையோடு அவள். உள்ளே வந்து அடுப்படியைப் பார்த்தாள், இட்லிச் சட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "நல்லா மெலிஞ்சிட்டிய" என்றாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், ரயில் கூட்டத்தைப் பற்றி, அவளுடைய அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி. பிறகு அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

மாத்திரை, பயிற்சி, நாற்பத்தொரு நாள் எல்லாம் இருந்தும் அன்றைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

என்னையறியாமல் தோள் சுவர்ப் பக்கம் புரண்டது. பொரிந்த சுண்ணாம்பு, எனக்கு மனப்பாடமான அதே இடம். பாதிப் புரண்டவன் நின்றேன். பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பது கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தொடவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன செய்கிறேன் என்று.

அவள் பக்கம் திரும்பினேன். பதினோரு வருடத்தில் அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. கண் நிறையத் தண்ணீர் நின்றது.

"முடிஞ்சு போச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது, எடுக்கவில்லை. சாயங்காலம் பால்காரர் வந்து மணி அடிக்கும் வரைக்கும் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.